மனிதர் உண்டதை அறிய மாட்டெலும்பு எதற்கு?

உங்கள் கேள்வி மூன்று பகுதியாக இருக்கிறது. பழங்கால மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஆட்டெலும்பையும் மான் பல்லையும் எதற்கு அளக்கிறார்கள்? 'அவர்கள் உணவில் 70 சதவீதம் இறைச்சி' என்று செய்தியில் வருகிறதே, எலும்பிலிருந்து அப்படிச் சொல்ல முடியுமா? சமைக்கும்போது தீயில் பட்ட எலும்பும் இதற்கு உதவுமா? முதல் இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். மனித எலும்பில் கிடைக்கும் எண்ணுக்குத் தனியாக எந்த அர்த்தமும் இல்லை. அதே இடத்தில் அதே காலத்தில் வாழ்ந்த விலங்குகளின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அது ஏதாவது சொல்லும். பல வருடங்களாக எலும்பைக் கழுவி, அமிலத்தில் ஊறவைத்து, அளந்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அடிப்படை எளிது. கார்பன் அணுக்களில் கிட்டத்தட்ட 99 சதவீதம் நிறை எண் 12 உடையவை, ஏறத்தாழ 1.1 சதவீதம் 13 உடையவை. இரண்டும் சிதையாதவை. ஒரே தனிமத்தில் இப்படி நிறை மட்டும் மாறும் அணுவகைகளை ஐசோடோப்பு என்பார்கள். (காலக்கணிப்புக்குப் பயன்படும் கார்பன்-14 வேறு, அது சிதையும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.) நைட்ரஜனில் 14, 15 என்று இரண்டு, கனமான 15 வெறும் 0.37 சதவீதம்தான். உயிர்களின் உடலில் நடக்கும் வேதிவினைகள் லேசான அணுவுக்கும் கனமான அணுவுக்கும் கொஞ்சம் பாரபட்சம் காட்டும். அந்தப் பாரபட்சத்தின் தடம் உண்டவரின் எலும்பிலும் பல்லிலும் தங்கிவிடுகிறது. ஒரு பொதுத் தரப்பொருளோடு ஒப்பிட்டு, கனமான அணு ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூடுதல் அல்லது குறைவு என்று எழுதுவோம். கார்பனில் மைனஸ் எண்கள் வருவது அதனால்தான். தரப்பொருளைவிடக் கனமான கார்பன் குறைவு, அவ்வளவே.

தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தில் இரண்டு பெரிய கூட்டங்கள் உண்டு. நெல், கோதுமை, பார்லி, பயறு வகைகள், கிழங்குகள், அநேகமாக எல்லா மரங்களும் சி-3 கூட்டம். இவற்றின் கார்பன் மதிப்பு சராசரியாக மைனஸ் 26, 27 வாக்கில் இருக்கும். மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, பனிவரகு, கரும்பு, வெப்பநிலப் புற்கள் பலவும் சி-4. இவை மைனஸ் 12 பக்கம். சி-3 தாவரத்தின் நொதி கனமான கார்பனை ஒதுக்கிவிட்டு லேசானதை விரும்பி எடுக்கும். சி-4 தாவரமோ கரியமில வாயுவை முதலில் இன்னொரு நொதியால் பிடித்து உள்ளே அடைத்துவிடுவதால், ஒதுக்குவதற்கு வாய்ப்புக் குறைவு. இரண்டு கூட்டத்தின் எண்களும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை என்பதுதான் இந்த முறையின் பலம். 1977-ல் வோகெலும் வான் டெர் மெர்வும் நியூயார்க் மாநிலத்தில் கிடைத்த பழைய மனித எலும்புகளில் மக்காச்சோளம் நுழைந்த தடத்தைக் காட்ட முடிந்ததும் இதனால்தான். அந்தக் காட்டுப் பகுதியின் மற்றத் தாவரங்கள் பெரும்பாலும் சி-3.

நைட்ரஜன் வேறு விஷயம் சொல்கிறது. உடல் யூரியாவாக வெளியேற்றும்போது லேசான நைட்ரஜன் சற்று அதிகமாகப் போய்விடும், கனமானது தங்கும். அதனால் புல்லைவிட ஆட்டின் எண் உயரம், ஆட்டைவிட ஓநாயின் எண் உயரம். ஒவ்வொரு படிக்கும் 3 முதல் 5 வரை கூடும் என்று வைத்துக்கொள்கிறோம். டிநீரோவும் எப்ஸ்டைனும் 1978-ல் கார்பனுக்கும் 1981-ல் நைட்ரஜனுக்கும் விலங்குகளுக்குத் தீனி கொடுத்து அளந்து காட்டியதுதான் இதற்கெல்லாம் அஸ்திவாரம். இவ்வளவும் உறுதியானது. இதற்கு மேல் கவனமாக நடக்க வேண்டும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ஒரு மனித எலும்பில் நைட்ரஜன் மதிப்பு 10 என்று வைத்துக்கொள்வோம். இது அதிகமா, குறைவா? அதே குடியிருப்பில் கிடைத்த ஆடும் மாடும் 6 காட்டினால், அந்த மனிதர் அவற்றைவிட முழுசாக ஒரு படி மேலே இருக்கிறார். புரதத்தில் பெரும்பங்கு இறைச்சியோ பாலோ என்று சொல்ல இடமிருக்கிறது. ஆடுமாடுகளே 8.5 காட்டினால்? வித்தியாசம் ஒன்றரைதான். அதே 10 இப்போது முக்கால்வாசித் தானியம் உண்டவரின் எண்ணாகக்கூட இருக்கலாம். அளந்த எண்ணில் மாற்றமே இல்லை, கீழே இருக்கும் தரைதான் மாறியது. அந்தத் தரையைத்தான் விலங்கெலும்பு தருகிறது. விலங்குகளே இல்லாமல் நாலு மனித எலும்பை மட்டும் அளந்து முடிவு சொல்லும் கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன். அப்படிப்பட்டவை முன்பெல்லாம் நிறைய வந்தன.

தரை ஏன் மாறுகிறது என்பது தனிக்கதை. வறண்ட நிலத்தில் மண்ணிலும் செடியிலும் நைட்ரஜன் எண் ஏறியிருக்கும். வயலுக்குத் தொழுவுரம் போட்டாலும் ஏறும், அதுவும் கொஞ்சநஞ்சம் அல்ல. வருடக்கணக்கில் எரு போட்ட வயலின் பார்லி, எருவே காணாத வயலின் பார்லியைவிட ஒரு முழுப் படி மேலே நிற்கும். அந்தப் பார்லியை மட்டும் தின்று வாழ்ந்தவர், காகிதத்தில் இறைச்சி தின்றவர் போலவே தெரிவார். இங்கேதான் மானும் மாடும் சேர்ந்து உதவுகின்றன. மான் காட்டில் மேய்ந்தது, மாடு வயல் தாளைத் தின்றது. மாட்டின் எண் மானைவிட நன்றாக மேலே இருந்தால், எருவைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அடர்ந்த காட்டின் நிழலில் வளரும் செடிகளில் கார்பன் எண் இன்னும் கீழே இறங்கும். ஆகவே மேய்ச்சல் காட்டிலா வெளியிலா என்றும் ஓரளவு சொல்லலாம். இன்றைய விலங்குகளை ஒப்பிடப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததில் காற்றிலுள்ள கார்பனின் எண்ணே தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவிலிருந்து ஏறத்தாழ 2 இறங்கிவிட்டது. அதைத் திருத்தாமல் பழைய மானையும் இன்றைய மானையும் பக்கத்தில் வைக்க முடியாது.

நான் வாங்கிய அடி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு தொகுதி ஆட்டெலும்புகளில் மூன்று மட்டும் நாயின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தன. ஆடு இறைச்சி தின்னாது. எருவா, வறட்சியா என்று இரண்டு வாரம் மண்டையைக் குடைந்தேன். கடைசியில் விலங்கெலும்பு பார்க்கும் மூத்தவர் ஒருவர் மீதித் துண்டைக் கையில் எடுத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்: "முனை இன்னும் ஒட்டவே இல்லையே, இது குட்டி." பால் குடிக்கும் குட்டி, ஒரு வகையில் தாயையே உண்கிறது. அதனால் தாயைவிட 2, 3 கூடுதலாகக் காட்டும். வயது பார்க்காமல் எலும்பை வெட்டியது என் தப்பு. அன்றிலிருந்து எலும்பின் முனை ஒட்டியிருக்கிறதா, பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எழுதிவைக்காமல் எந்தத் துண்டிலும் ரம்பம் வைப்பதில்லை.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எண்களை எங்கே நம்பலாம் என்பதும் புரியும். அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை கெட்டியான எலும்பை வெட்டி, மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளிர்பெட்டிக்குள் போட்டு வைப்போம். நாட்கள் போகப் போகக் கனிமப் பகுதி கரைந்துவிடும். மிஞ்சுவது அதே வடிவத்தில், இடுக்கியால் தொட்டால் வளைகிற, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஒரு துண்டு. அதுதான் கொலாஜன் என்ற புரதம். அதை வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, உறையவைத்து உலர்த்தினால் வெள்ளைப் பஞ்சு மாதிரி வரும். அதில் அரை மில்லிகிராமைத் தகரக் குப்பிக்குள் மடித்து இயந்திரத்துக்குள் விட்டால், எரிந்து வரும் வாயுவைப் பிரித்து அளக்கும். பஞ்சு பார்க்க அழகாக இருந்தால் மட்டும் போதாது. புது எலும்பில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொலாஜன் இருக்கும். பழைய எலும்பில் அது 1 சதவீதத்துக்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும். கார்பன் அணுக்களுக்கும் நைட்ரஜன் அணுக்களுக்கும் உள்ள விகிதம் 2.9-க்கும் 3.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். இது டிநீரோ 1985-ல் வைத்த வரம்பு, இன்னும் எல்லோரும் பார்க்கிற முதல் சோதனை. மண்ணின் மட்கு கலந்தாலோ கொலாஜன் சிதைந்தாலோ அநேகமாக இதில் மாட்டிக்கொள்ளும். மாட்டாதது ஒன்று உண்டு. பழைய சேகரிப்புகளில் எலும்பு உதிராமல் இருக்க யாரோ எப்போதோ பசை பூசியிருப்பார்கள், பதிவேட்டில் குறிப்பு இருக்காது. அது விலங்குப் பசையாக இருந்தால் தொலைந்தது. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த அந்தப் பசையே கொலாஜன்தான், சோதனையில் சமர்த்தாகத் தேறிவிடும்.

எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். வளர்ந்த மனிதரின் தொடையெலும்பு பத்து வருடத்துக்கு மேற்பட்ட உணவின் சராசரி. பல்லின் பற்சிப்பி அப்படியல்ல, உருவானபின் மாறாது. ஒரு மாட்டின் கடைவாய்ப் பல்லில் மேலிருந்து கீழாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு கோடாகச் சுரண்டி எடுத்தால், மாதங்களின் வரிசை கிடைக்கும். அதிலுள்ள ஆக்சிஜனின் எண், குடித்த நீர் வழியாகக் கோடையா குளிர்காலமா என்று காட்டும்; குளிரில் அது தாழும். கார்பன் அப்போது என்ன தின்றது என்று காட்டும். இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளின் ஆடுகள். அங்கே நார்த் ரொனால்ட்சே தீவில் 1832-ல் சுற்றுச்சுவர் எழுப்பி ஆடுகளைக் கடற்கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். அவை இன்றும் ஆண்டின் பெரும்பகுதி கடற்பாசி தின்று வாழ்கின்றன. கடற்பாசியின் கார்பன் எண் தரைப்புல்லைவிட நன்றாக மேலே. மேரி பலாஸும் கூட்டாளிகளும் இந்த ஆடுகளின் பல்லை அளந்து வைத்துக்கொண்டு, அதே தீவுக்கூட்டத்தின் புதிய கற்கால ஆட்டுப் பற்களைப் பார்த்தார்கள். பழைய பற்களில் கார்பன் உயர்ந்த இடமும் ஆக்சிஜன் தாழ்ந்த இடமும் ஒன்றாக வந்தன. அதாவது குளிர்காலத்தில் மட்டும் கடற்பாசி. அதே எண்ணைச் சி-4 தாவரம் வளரும் ஒரு ஊரில் பார்த்திருந்தால் கடற்பாசி என்று யாருக்கும் தோன்றியிருக்காது என்பதையும் கவனியுங்கள். எலும்பு உணவின் பெயரைச் சொல்வதில்லை. எங்கே என்ன கிடைக்கும் என்று நமக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைக்க முடியும்.

விலங்கு மனிதருக்கு நிழல் போலவும் பயன்படும். நாய் மனிதர் போட்ட மிச்சத்தையும் கழிவையும் தின்பதால் அதன் எண் பெரும்பாலும் மனிதரின் எண்ணை ஒட்டியே வரும். மனித எலும்பே கிடைக்காத இடத்திலும், அதைத் தொடக் கூடாது என்று வழித்தோன்றல்கள் சொல்லும் இடத்திலும் நாயெலும்பு கைகொடுக்கும். ஆனால் வேட்டை நாய்க்கு நல்ல இறைச்சியும் தெருநாய்க்கு எச்சிலும் போயிருக்கலாம், ஆகவே நிழலை ஆளாக எண்ணிவிடக் கூடாது. வட சீனாவின் சுவான்ஹுசுன் என்ற இடத்தில் சுமார் 5,300 ஆண்டுக்கு முந்தைய பூனை எலும்புகளை அளந்து 2014-ல் வெளியிட்டார்கள். சுற்றிலும் தினைப் பயிர். எலிவகைகள் தினை தின்ற எண், பூனைகள் அந்த எலிகளைத் தின்ற எண். ஒரு பூனை மட்டும் நைட்ரஜனில் தாழ்ந்து, தினைப் பக்கம் சாய்ந்திருந்தது. மனிதர் போட்டதைத் தின்றிருக்கலாம், ஆகவே வீட்டுப் பூனையின் தொடக்கம் என்று பேச்சு கிளம்பியது. இரண்டு வருடம் கழித்துத் தாடையெலும்பின் வடிவத்தை அளந்தவர்கள் சொன்னது: அது இன்றைய வீட்டுப் பூனையின் இனமே இல்லை, ஆசியச் சிறுத்தைப் பூனை. ஐசோடோப்பு பொய் சொல்லவில்லை. தினை தின்ற எலி, எலி தின்ற பூனை என்ற சங்கிலி அப்படியேதான் நிற்கிறது. தின்றது யார் என்பதை எலும்பியலாளர் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, 70 சதவீதத்துக்கு வருவோம். கொலாஜனிலுள்ள நைட்ரஜன் முழுக்க உணவின் புரதத்திலிருந்து வருவது. கார்பனும் பெரும்பகுதி புரதத்திலிருந்தே. ஒருவர் தினமும் ஒரு கிலோ கிழங்கும் 100 கிராம் இறைச்சியும் உண்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கிழங்கில் புரதம் 2 கிராம் அளவு, இறைச்சியில் 20 கிராம் அளவு. ஆக இரண்டிலிருந்தும் தலா 20 கிராம் புரதம். கொலாஜன் கண்ணுக்கு இவர் பாதிக்குப் பாதி இறைச்சி உண்டவர். ஆனால் அவர் வயிற்றை நிரப்பியது கிழங்கு, ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கைத் தந்ததும் கிழங்கு. கட்டுரையில் 'உணவுப் புரதத்தில்' என்று எழுதியிருப்பார்கள். செய்தியாகும்போது 'புரதம்' என்ற சொல் காணாமல் போய்விடும். பற்சிப்பியின் கனிமப் பகுதியிலுள்ள கார்பன் மாவு, கொழுப்பு உட்பட மொத்த உணவையும் காட்டும். ஆகவே இரண்டையும் சேர்த்து அளந்தவர்களின் பேச்சுக்கு எடை அதிகம்.

இன்னொன்று, பாலும் இறைச்சியும் இந்த எண்களில் பிரியாது. ஒரே விலங்கின் புரதம்தானே. பால் குடித்தார்களா என்று தெரிய வேண்டுமானால் பானை ஓட்டில் ஊறிய கொழுப்பையோ பற்காரையில் சிக்கிய பால் புரதத்தையோ தேட வேண்டும். சதவீதங்களைத் தருவது கலப்புக் கணக்கு மாதிரிகள். உணவு வகைகளின் எண்களையும் படி உயர்வையும் கொடுத்தால், எந்தெந்தக் கலவை பொருந்தும் என்று அவை தேடிச் சொல்லும். கருவி நல்லதுதான். ஆனால் படிக்கு 3 என்று கொடுப்பதா 5 என்று கொடுப்பதா என்பதிலேயே விடை வெகுதூரம் நகரும். இரண்டு எண்களை வைத்துக்கொண்டு ஆறு உணவுகளைப் பிரிக்கச் சொன்னால் பல கலவைகள் ஒரே விடையைத் தரும். '45 முதல் 80 வரை' என்று ஒரு நெடுக்கம் சொல்கிறவரை நான் நம்புவேன், 70 என்று ஒற்றை எண் சொல்கிறவரிடம் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பேன்.

இன்னும் முடியாத வழக்கு ஒன்று: நியாண்டர்தால் மனிதர்கள், அதாவது நமக்கு நெருங்கிய, அழிந்துபோன பழைய மனித இனம். பல இடங்களில் அவர்களின் நைட்ரஜன் மதிப்பு அங்குள்ள ஊன் உண்ணி விலங்குகளுக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ வருகிறது. பெரிய விலங்குகளை நிறைய உண்டார்கள் என்பதில் சண்டை இல்லை. ஓநாய்க்கும் மேலே எப்படிப் போனார்கள் என்பதில்தான் இருக்கிறது. மம்மத் யானைகள் மற்ற தாவர உண்ணிகளைவிட நைட்ரஜனில் உயர்ந்தவை, அவற்றை உண்டிருக்கலாம் என்பது ஒரு வாதம். அழுகிய இறைச்சியும் அதில் மொய்த்த புழுக்களும் எண்ணை ஏற்றியிருக்கும் என்று அண்மையில் ஒரு யோசனை வந்திருக்கிறது. எனக்கு மம்மத் வாதம் பிடிக்கும், ஆனால் மம்மத் எலும்பு கிடைக்காத இடங்களுக்கு அது போதாது. கொலாஜனை மொத்தமாக அளக்காமல் அமினோ அமிலம் ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்கும் முறை இங்கே நம்பிக்கை தருகிறது. ஒரு அமினோ அமிலம் படிக்குப் படி ஏறும், இன்னொன்று தாவரத்தின் எண்ணை அப்படியே தாங்கி வரும். தரையும் உயரமும் ஒரே எலும்பிலேயே கிடைத்துவிடும். வெப்பநாடுகளில் கொலாஜன் சீக்கிரம் அழிந்துவிடுவதால், பற்சிப்பியில் சிக்கியிருக்கும் துளி நைட்ரஜனையும் துத்தநாகத்தையும் அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பற்சிப்பி பல லட்சம் ஆண்டு தாங்கும். இவை இளம் முறைகள். ஒப்பிட இன்னும் நிறைய விலங்குகளை அளந்து வைக்க வேண்டும்.

கடைசியாகத் தீயில் பட்ட எலும்பு. கொஞ்சம் வெந்தது, வேகவைத்துக் குழம்பில் கிடந்தது என்றால் பெரும்பாலும் பாதகமில்லை; கொலாஜன் கொஞ்சம் குறைந்திருக்கும், எண் அதிகம் நகராது. கருகியது என்றால் கொலாஜன் போய்விட்டது, கையில் இருப்பது கரி. சாம்பல் வெள்ளையாக முழுக்கச் சுட்டதென்றால் கதை வேறு: அந்தச் சூட்டில் எலும்பின் கனிமம் புதிதாகப் படிகமாகும்போது விறகுப் புகையின் கார்பனையே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதை அளந்தால் ஆட்டின் உணவு தெரியாது, அடுப்பில் எரிந்த விறகுதான் தெரியும். அப்படிப்பட்ட துண்டைக் காலக்கணிப்புக்கும், அந்த விலங்கு எந்த ஊர் மண்ணில் வளர்ந்தது என்று அதிலுள்ள ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தை வைத்துப் பார்ப்பதற்கும் எடுத்து வைப்போம். உணவுக்கு அதே குழியில் சுடாத துண்டு இருக்கிறதா என்று தேடுவோம்.